மரப் பந்தலுக்கு ஒயர் இழுத்த அனுபவம்: முதல் முறை கெட்டது, இரண்டாம் முறை நின்றது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரப் பந்தல் இருக்கிறது. ஆறு தூண், மேலே தகரம். ஞாயிற்றுக்கிழமை பிராய் போடுவது (நெருப்பில் இறைச்சி சுடுவது), பிள்ளைகள் படிப்பது, புரட்டாசியில் சொந்தக்காரர்களுக்கு இலை போடுவது எல்லாம் அங்கேதான். அதற்கு நான் இரண்டு தடவை ஒயர் இழுக்க வேண்டி வந்தது. டர்பன் பக்கம் பந்தல் கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை பந்தல் முழுக்க முடிந்த பிறகுதான் விளக்கைப் பற்றியே யோசித்தோம். வந்தவர் வீட்டின் பின்பக்க ப்ளக் சர்க்கியூட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கேபிளை எடுத்து, தூண் மேலும் உத்தரத்தின் அடியிலும் ஆணி வைத்த கிளிப் அடித்துக்கொண்டே போனார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்குப் பார்க்க நேராகத்தான் இருந்தது.

மரம் ட்ரீட்டட் பைன், அதாவது மருந்து ஏற்றிய பைன். கடையிலிருந்து வரும்போதே ஈரம் குடித்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் காய்ந்து சுருங்கியதும் பாதிக் கிளிப் தளர்ந்துவிட்டது. கேபிள் கொடியில் போட்ட துணி மாதிரி அங்கங்கே தொங்கியது. அசிங்கமாக இருக்கிறதே என்று சுத்தியலை எடுத்து ஒவ்வொரு கிளிப்பையும் நானே அடித்து இறுக்கினேன். செய்யக்கூடாத வேலை அதுதான்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த வாரம். வீடு நிறைய ஆட்கள், மூன்று நாளாக மழை. சாயங்காலம் பந்தல் விளக்கைப் போட்டதும் வீட்டில் அத்தனை ப்ளக்கும் செத்துவிட்டது. வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. போர்டில், கரண்ட் தரைக்குக் கசிந்தால் லைனை வெட்டிவிடும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கிப் பார்த்ததில், பின்பக்க ப்ளக்கின் பிரேக்கரை இறக்கினால் மட்டும் நின்றது. மறுநாள் வெளிச்சத்தில் விளக்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கைத் தண்ணீர். கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது, மழைநீரும் அதையே பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி தூணில் இருந்தது. நான் அடித்து இறுக்கிய கிளிப் ஒன்றின் ஆணி கேபிள் உறையைக் கிழித்திருந்தது. அன்று மதியம் என் மகள் ஈரக் கையோடு சாய்ந்து நின்ற தூண் அது. அதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது 30 மில்லி ஆம்பியரில் விழும் அந்த எர்த் லீக்கேஜ்தான். பல வீடுகளில் ப்ளக்குகள்தான் அதன் கீழே இருக்கும், விளக்கு சர்க்கியூட் அதற்கு வெளியே போகும். விளக்கு லைனிலிருந்து எடுத்திருந்தால் அது விழுந்தே இருக்காது. உங்கள் பந்தல் லைன் எதன் கீழ் இருக்கிறது என்று இன்றைக்கே போர்டைத் திறந்து பாருங்கள். 1950களில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைக் காப்பதற்காக ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் இந்தத் தென்னாப்பிரிக்காவிலேயே உருவாக்கிய கருவிதான் பிறகு வீட்டுப் போர்டுக்கு வந்தது என்று படித்தபோது, அந்த மனிதரை மனதார வணங்கினேன்.

அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் தாத்தா. அந்தத் தலைமுறையில் இன்னும் தமிழ் பேசுகிற சிலரில் ஒருவர். வந்து பந்தலுக்கு அடியில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, விளக்கு எங்கே வேண்டும் என்பது இல்லை. "மழை எந்தப் பக்கம் இருந்து அடிக்கும் தம்பி?" என்றார். தென்மேற்கிலிருந்து என்றேன். "அப்போ இந்த ரெண்டு தூணை மறந்துடு. ஒயர் இந்தப் பக்கமாத்தான் ஏறணும்."

ஒயர் போகும் வழியை மரம் நிற்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் அழுத்திச் சொன்னது. தூண் தரையில் படுத்திருக்கும்போது குழாய் உட்கார நீளப் பள்ளம், அதாவது காடி எடுப்பது பத்து நிமிட வேலை. நட்ட பிறகு எடுத்தால் அரை நாள். நாங்கள் அரை நாள் கொடுத்தோம். மழை அடிக்காத பக்கத் தூண் ஒன்றில், உள்முகத்தில், ரௌட்டர் என்ற மரம் குடையும் மெஷினால் 24 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள காடி எடுத்து, ஒயர் ஓடும் 20 மில்லிமீட்டர் கண்டுட் குழாயை அதில் படுக்க வைத்தோம். 150 மில்லிமீட்டர் சதுரத் தூண் என்பதால் அந்தக் காடியைத் தாங்கியது. ஒல்லியான தூணில் இதைச் செய்யாதீர்கள். மேலே அதே மரத்தில் ஒரு பட்டி போட்டு, பசை தடவாமல் ஸ்குரூவில் மட்டும் பிடித்தோம், நாளைக்குத் திறக்க வேண்டுமே. வெட்டிய இடம் முழுவதும் மரம் காக்கும் மருந்து இரண்டு கை பூசினோம். மருந்து ஏற்றிய பைனில் இருக்கும் செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும், கடல் காற்று வேறு. அதனால் ஸ்குரூ, குழாயைப் பிடிக்கும் சாடில் எல்லாம் ஸ்டெயின்லெஸ்.

உத்தரத்தின் அடியில் தாத்தா ஒரு கோடுகூட வெட்ட விடவில்லை. பாரம் ஏறும்போது உத்தரத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும், அங்கே பள்ளம் வெட்டினால் மரம் அந்த இடத்தில்தான் பிளக்கும். கைமரம் கடக்க வேண்டிய இடத்தில் மட்டும், உயரத்தின் நடுமையத்தில் ஒரு துளை. மற்றபடி குழாய் உத்தரத்தின் மேல்முகத்திலேயே போகிறது. கீழே உட்கார்ந்து பார்த்தால் ஒரு அங்குலம்கூடத் தெரியாது.

எந்தப் பெட்டிக்குள்ளும் மேலிருந்து ஒயர் நுழையவில்லை. எல்லாம் அடியிலிருந்து, கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போட்டு. நுழையும் முன் கேபிளுக்குத் தொட்டில் மாதிரி ஒரு தொய்வு விட்டார், தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. பெட்டிகள் ஐ.பி.65, தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் நுழையாத தரம். வீட்டிலிருந்து பந்தல் வரை 500 மில்லிமீட்டர் ஆழத்தில் இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள், சுற்றிலும் மணல், மேலே டேஞ்சர் டேப். போர்டில் பந்தலுக்கென்று தனி பிரேக்கர்.

தாத்தா வழி காட்டினார், ஆனால் இணைத்தது பதிவு பெற்ற ஆள்தான். இந்த நாட்டின் 2009 மின் நிறுவல் ஒழுங்குவிதிப்படி இதைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டியவர் அவர். ஒயர் எங்கேயாவது கசிகிறதா என்று 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை வைத்தார், குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும், எங்களுடையது அதைவிட எவ்வளவோ மேலே நின்றது. அதன் பிறகு வந்த எல்லா மழையிலும் ஒரு தடவைகூட விழவில்லை.

*

டர்பன் பக்கம் பீனிக்ஸிலிருந்து, மரவேலை செய்பவன்

அண்ணா, காடி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் கட்டும் பந்தல்களில் இப்போது தூணை அறுக்கும்போதே வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுகிறேன், விளக்கு எங்கே, ஃபேன் எங்கே என்று.

நான் பட்டது வேறு. கரண்ட் வெட்டு அதிகமாக இருந்த காலத்தில் ஒருவர் பேட்டரியில் எரியட்டும் என்று 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை கேட்டார். 60 வாட், போர்டிலிருந்து 20 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். கடைசி விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. கணக்குப் போட்டால் போக வர 40 மீட்டர், 5 ஆம்பியர், ஒயரிலேயே சுமார் 2.4 வோல்ட் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு! அதையே 24 வோல்ட்டுக்கு மாற்றியதும் இழப்பு 1.2 வோல்ட், அதாவது 5 சதவீதம். குறைந்த வோல்ட் என்றால் எந்த ஒயரும் போதும் என்று யாரும் நினைக்காதீர்கள்.

அப்புறம் குரங்கு. எங்கள் பக்கம் கூட்டமாக வரும். தொங்கவிட்ட விளக்குச் சரத்தை இழுத்து அறுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். கையில் அகப்படுகிற மாதிரி எந்த ஒயரையும் விடக்கூடாது.

*

லெனேசியாவிலிருந்து

எங்கள் மாமனார் வீட்டில் இருப்பது லாப்பா, புல் வேய்ந்த திறந்த பந்தல். அங்கே ஒரே பிடிவாதம்: புல்லுக்குள் ஒயர் போகக்கூடாது. எல்லாம் மரத்தில், குழாய்க்குள். விளக்கும் புல்லிலிருந்து நன்றாகத் தள்ளி. ஜோஹானஸ்பர்க் பக்கம் கோடையில் மின்னல் அதிகம், அதனால் கூரையைத் தொடாமல் தனியாக நிற்கும் மின்னல் கம்பமும் வைத்தார்கள். மின்னலால் திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கப் போர்டில் சர்ஜ் அரெஸ்டரும் உண்டு.

*

டோங்காட்டிலிருந்து

அண்ணா, எங்கள் பந்தல் கட்டி முடித்தாகிவிட்டது. தூண் 100 மில்லிமீட்டர்தான், காடி எடுக்கப் பயமாக இருக்கிறது. வெளியே குழாய் போட்டால் அசிங்கமாகத் தெரியாதா?

*

முதலில் எழுதியவன்

தம்பி, 100 மில்லிமீட்டரில் காடி எடுக்க வேண்டாம். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து தெரியாத முகம் ஒன்று எல்லாத் தூணிலும் இருக்கும், குழாய் அதில் ஏறட்டும். தூணின் ஓரத்தை ஒட்டி, தூணுக்கு இணையாக, வளைவு சரியாக மூலையில். நடுவில் ஓடினால்தான் கண் அங்கே போகும். மரத்துக்கு அடித்த வண்ணத்தையே குழாய்க்கும் அடியுங்கள், வெயிலிலிருந்தும் அது காக்கும். உத்தரத்தில் நீளமாகப் போகும் குழாயை இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். 4 மீட்டர் பி.வி.சி. 30 டிகிரி சூட்டு மாற்றத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும், இடம் இல்லையென்றால் வில்லாக வளைந்து நிற்கும். ஒரு முனையில் அந்த அளவு நகர இடம் விட்டு, சாடிலைக் கொஞ்சம் தளர்வாகப் போடுங்கள். வாங்கும் முன் பந்தலின் படம் ஒன்று அனுப்புங்கள், தாத்தாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.