காட்டு வழிக்கு எந்த ஜீபிஎஸ் வாங்கலாம்?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் குழுவுக்குக் கையடக்க ஜீபிஎஸ் கருவி ஒன்று வாங்க வேண்டும்.

உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் போன் சிக்னலை நம்ப முடியாது. போன முறை கும்புக்கன் ஆற்றைக் கடந்த பிறகு, எங்களோடு வந்த அம்மா ஒருவர் பின்தங்கி வழி மாறிவிட்டார். தேடிப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. வெறும் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார். என் போனில் வரைபடம் இருந்தது, ஆனால் சார்ஜ் முதல் நாளே தீர்ந்துவிட்டது.

கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே இரண்டு டபுள் ஏ பற்றரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். பெட்டிக்கடையிலும் வாங்கக்கூடிய பற்றரி என்பதால் மனம் இவற்றில்தான் நிற்கிறது. 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி உண்டு, நின்ற இடத்திலேயே திசை காட்டும். 22எக்ஸில் நடந்தால்தான் திசை தெரியும். பதறி நிற்கும் நேரத்தில் இது பெரிய வித்தியாசம். கூடுதல் காசு அதற்குத் தகுமா?

அப்புறம், திரை 2.2 அங்குலம்தான். வயதானவர்களுக்கு வெயிலில் எழுத்துத் தெரியுமா? அடர்ந்த மரங்களுக்குக் கீழே பாவித்தவர்கள், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ விற்கும் கடை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பாவித்த கருவி நல்ல நிலையில் இருந்தாலும் சரி.