வஹிபா மணலில கண்ட வன்னி

ஓமானில வேலை செய்த காலத்தில வஹிபா மணல் எண்ட பாலைவனப் பக்கம் போறது எனக்குப் பெரிய விருப்பம். பிதியா எண்ட ஊர் மட்டும் நல்ல றோட்டு, அங்கால மணல்தான். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிற மேடுகள், சில 100 மீற்றர் உயரம். கடற்கரைப் பக்கம் வெளிறின நிறம், உள்ளுக்க போகப் போகச் செம்மஞ்சள். வருசத்துக்கு 100 மில்லிமீற்றர் மழையும் இல்லை. யாழ்ப்பாணத்தில 1,200க்கு மேல பெய்யுது, அதில பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில.

அந்த மணலின்ர கிழக்கு விளிம்பில ஒரு காடு நிக்குது. கிட்டப் போய் இலையைப் பிடிச்சுப் பார்த்தன். வன்னி மரம்! விஜயதசமியில மானம்பூத் திருவிழாவுக்கு எங்கட கோயில்களில கொண்டுவந்து வைக்கிற அதே வன்னி. அரபுக்காரர் காஃப் எண்டுவினம். வேர் 30 மீற்றருக்கும் கீழ இறங்கித் தண்ணி தேடும், அதால கடும் வெயிலிலயும் பச்சையா நிக்கும். ஒட்டகம் எட்டுற உயரம் மட்டும் கொப்புகள் ஒரே மட்டமாக் கடிபட்டிருக்கும். பாலைவனத்தில வாழுற பெதுயின் ஆக்கள் பச்சை மரத்தை வெட்ட விடமாட்டினம், அது எனக்கு நல்லாப் பிடிச்சது. இதைச் சீமைக் கருவேலோட மாறி நினைக்காதேங்கோ. அது அமெரிக்காவில இருந்து வந்த இனம், ஓமானிலயும் எங்கட அம்பாந்தோட்டையிலயும் பரவி மற்றச் செடிகளை நெரிக்குது.

என்னை வியக்க வைச்சது காற்று. வஹிபா மேடுகளை அடுக்கினது தென்மேற்குப் பருவக்காற்று, எங்கட சோளகம்தான். ஓமானின்ர தெற்கில இருக்கிற சலாலாவில அதே காற்று கரையோரக் குளிர்ந்த கடலுக்கு மேலால வந்து மூடுபனியும் தூறலுமாகி மலையைப் பச்சையாக்கும். யாழ்ப்பாணத்துக்கு வரேக்க, இலங்கையின்ர தெற்கிலயும் மலைநாட்டிலயும் மழையைக் குடுத்துப்போட்டு வறண்டுதான் வரும்.

பதில், வடமராட்சி கிழக்கில இருந்து:

அண்ணை, வாசிக்கச் சந்தோசம். எங்கட மணற்காடு ஊரைக் குட்டிப் பாலைவனம் எண்டு படம் போடுகினம். ஆனா இது மழை இல்லாததால வந்த மணல் இல்லை, கடலும் காற்றும் சேர்த்தது. மேட்டில விழுற மழை கீழ இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கும், அதுதான் எங்களுக்குக் குடிதண்ணி. அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். இராவணன் மீசைப் புல்லின்ர முள்ளுப்பந்து காத்தில உருண்டுபோய் விதை போடும். அங்கால சவுக்கங்காடு. பழைய அந்தோனியார் கோயிலின்ர சுவர்களை மணல் மூடியிருக்கிறதையும் பார்க்கலாம்.

பயம் ஒண்டுதான்: மணல் அள்ளுறது. மேடு போனால் கிணறும் உவராகும். 2004 சுனாமி இந்தக் கரையை அடிச்சதைக் கண்ட சனம் நாங்கள், கடலுக்கும் ஊருக்கும் நடுவில ஒரு மேடு நிக்கிறதின்ர பெறுமதி தெரியும்.

வன்னிக் கண்டு இஞ்சத்த மணலில வைச்சு வளர்த்த ஆக்கள் இருந்தால் எழுதுங்கோ. எங்கட வளவில வைக்க யோசிக்கிறம்.