சிப்பி ஓட்டில் பிரயோசோவா: எந்தப் பெயரை எழுதுவது?

வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். (கடலே இல்லாத ஊரில் கடல் உயிரியா என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.) புராஜெக்டுக்காகக் காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த சிப்பி ஓடுகளில் வெள்ளை வலை போல ஒரு பிரயோசோவா (கூட்டமாக ஒட்டி வளரும் குட்டி நீர்வாழ் விலங்கு) படர்ந்திருக்கிறது. லென்ஸில் பார்த்தால் வரிசையாகக் குட்டி குட்டி அறைகள். ஒவ்வோர் அறையிலும் கீழ் விளிம்பிலிருந்து ரம்பப் பல் வைத்த ஒரு நீட்டம்.

பழைய கட்டுரைகளின்படி இது மெம்பிரானிபோரா சவார்ட்டி. சிலர் அகாந்தோடெசியா என்றார்கள், அப்புறம் பைஃப்ளஸ்ட்ரா. பேரினம் மாறினால் சரி, புரிகிறது. தலைவலி 'சவார்ட்டி' என்ற இனப்பெயரில்தான். பிரெஞ்சு விலங்கியலாளர் சாவிஞி எகிப்துப் பயணத்தில் சேகரித்தவற்றின் படங்களை வைத்து 1826-இல் ஆடுவான் என்ற இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளர் சூட்டிய பெயர் அது; பார்வை மங்கிப்போனதால் சாவிஞியால் விளக்கம் எழுத முடியவில்லை. பிற்பாடு வெப்பக்கடல்களில் எங்கெங்கோ கிடைத்ததற்கெல்லாம் அதையே ஒட்டிவிட்டார்கள். புகுலா நெரிட்டினா என்ற இன்னொரு பிரயோசோவாவின் ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்ததை டி.என்.ஏ. காட்டிய பிறகும் கண்ணை மூடிக்கொண்டு 'சவார்ட்டி' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. கைடோ முழுப்பெயர் வேண்டும் என்கிறார்.

லேபிளில் பேரினத்தோடு நிறுத்தலாமா, நடுவில் 'சி.எஃப்.' (cf., 'ஒப்பிடுக'; இனம் உறுதியில்லை என்ற குறிப்பு) போட்டு இனப்பெயரையும் எழுதலாமா? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் முன் ப்ளீச்சில் எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள்? வேலூர், காட்பாடி பக்கம் செய்து பார்த்தவர்கள் இருந்தால் ரொம்ப நல்லது. ஓடுகள் நிறையவே இருக்கின்றன, கேட்டால் தருகிறேன்.