படகை இழுத்துக்கொண்டு மலை இறங்குதல்: எக்ஸோஸ்ட் பிறேக் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து, படகு இழுக்கும் தொழில் செய்பவர்:

திருகோணமலைக்குள் மட்டும் ஓடுகிற டபிள் கெப்புக்கு (இரண்டு இருக்கை வரிசையுள்ள பிக்அப்) எக்ஸோஸ்ட் பிறேக், அதாவது புகைக் குழாயை அடைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் பொருள், தேவைப்படாது. நிலாவெளி வீதியிலும் புல்மோட்டை வீதியிலும் இறக்கமென்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. உவர்மலைச் சரிவும் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றமும் இரண்டாம் கியரோடு முடிந்துவிடும். ஆனால் வாடைக்காற்று தொடங்கிக் கடல் புரண்ட பிறகு, சில படகுகள் ஊரைவிட்டு வெளியே போகின்றன, சில திருத்த வேலைக்காக உள்ளே வருகின்றன. அப்போது மலைநாட்டு வீதிகளைத் தவிர்க்க முடிவதில்லை. அங்கே பார்த்ததை எழுதுகிறேன். ஓட்டுபவர்களும் திருத்துபவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் பயனாக இருக்கும்.

என்னுடையது மூன்று லீற்றர் டீசல் எஞ்சின் உள்ள பழைய ஹைலக்ஸ். வாங்கும்போது அதில் எக்ஸோஸ்ட் பிறேக் இருக்கவில்லை. மைத்துனர் ஒஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த செட் ஒன்றைப் பிறகு பூட்டினேன். பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் காற்றுப் பாதை மூடிக்கொள்வதால் எஞ்சினே வாகனத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பழைய டீசல் எஞ்சினில் அப்படியொரு மூடி பெரும்பாலும் இல்லை. உள்ளே வந்த காற்று அமுக்கப்பட்டு, மறுபடி விரியும்போது எடுத்த பலத்தைப் பெருமளவு பிஸ்டனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் பாரத்தோடு இறங்கும் டீசல் கெப், கியர் விழுந்திருந்தாலும் ஓடிக்கொண்டே போகிறது. புகைக் குழாயில் ஒரு தகட்டு வால்வை வைத்து மூடிவிட்டால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்த அடைப்புக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கும். அந்த உழைப்பைச் சில்லுகள்தான் கொடுக்க வேண்டும் என்பதால் வாகனத்தின் வேகம் குறைகிறது.

நுவரெலியா கிரகரி ஏரியில் சுற்றுலாவுக்கு ஓடிய ஃபைபர் படகொன்றை அடிப்பாகம் திருத்துவதற்காக இங்கே கொண்டுவந்தபோதுதான் இதன் அருமை முழுதாகத் தெரிந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கெப்பும் ட்ரெய்லரும் படகும் சேர்ந்து நான்கு தொன் என்று வைத்துக்கொண்டால், 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சாதாரணத் தண்ணீர் 130 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்தச் சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும்: பிறேக் ட்ரம்முக்கும் டிஸ்க்குக்கும் போகலாம், அல்லது ரேடியேற்றர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் வெளியேறலாம். பிந்தியதற்கு வழி செய்வதுதான் எக்ஸோஸ்ட் பிறேக்கின் வேலை.

லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி றம்பொடைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் மூன்றாம் கியரைப் போட்டு, சுற்று 3,000 அளவில் நிற்கும்படி வந்தேன். அந்தச் சுற்றில் பிடிப்பு உறுதியாக இருந்தது, பெடலைத் தொடாமலே பல வளைவுகள் கடந்தன. எக்ஸோஸ்ட் பிறேக்கின் ஆளியை (சுவிட்சை) அப்படியே போட்டபடி நான்காம் கியருக்கு மாறிச் சுற்று 1,500க்கு விழுந்ததும், அப்படியொரு பொருள் பூட்டப்பட்டிருப்பதே தெரியவில்லை. எக்ஸோஸ்ட் பிறேக் பிடிக்கவில்லை என்று குறைசொல்பவர்களில் பாதிப்பேர் உயர்ந்த கியரில் இறங்குபவர்கள் என்பது என் எண்ணம். இறக்கம் தொடங்குமுன், வேகம் கைக்குள் இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும்; நடுச்சரிவில் கிளச்சை மிதித்துக் கியர் தேடுகிற அந்தச் சில விநாடிகளில் எஞ்சின் பிடிப்பு முழுவதும் விட்டுப்போகிறது, பின்னாலிருக்கும் படகு அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ட்ரெய்லரைப் பற்றித்தான். என் ட்ரெய்லரின் பிறேக், கொக்கியோடு சேர்ந்த தண்டு பின்னுக்குத் தள்ளப்படும்போது தானாகப் பிடிக்கும் வகை. றம்பொடையில் ஓரமாக நிறுத்திச் சில்லுகளைப் பார்த்தேன். கெப்பின் முன் சில்லுக்குக் கிட்டக் கையை வைத்திருக்க முடிந்தது. ட்ரெய்லர் ட்ரம்மை நெருங்கவே முடியவில்லை, கருகிய லைனிங் வாடை வந்தது, ட்ரம் விளிம்பில் கிறீஸ் உருகிக் கோடாக வழிந்திருந்தது. காரணம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. எக்ஸோஸ்ட் பிறேக் கெப்பை மட்டும் பிடிக்கிறது; ட்ரெய்லர் அதன்மேல் சாய்கிறது; சாயும் நேரமெல்லாம் தண்டு உள்ளே போய், ட்ரெய்லர் பிறேக் மெல்லியதாகப் பிடித்தபடியே வருகிறது. பெடலை விட்டுவிட்டு மிதிக்கும்போது ட்ரம்முக்குக் கிடைக்கும் ஓய்வு, இப்படி இறங்கும்போது கிடைப்பதில்லை. அங்கிருந்து இரண்டாம் கியரில் மெதுவாக வந்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டுத்தான் கம்பளையை அடைந்தேன்.

கிண்ணியாவிலிருந்து, லொறிச் சாரதி:

தம்பி சொன்ன கியர் விடயத்தில் எனக்கும் அதே அனுபவம். நான் கன்ரர் லொறி ஓட்டுகிறேன். இங்கிருந்து கருவாடும் ஐஸ் மீனும், திரும்பும்போது மரக்கறியும். ஜப்பானிய லொறிகளில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே எக்ஸோஸ்ட் பிறேக்குக்கான தண்டு இருக்கிறது, அது இல்லாமல் மலைநாட்டில் லொறி ஓட்டுவதை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. கண்டியிலிருந்து வரும்போது அலவத்துகொடை தாண்டிப் பலகடுவ இறக்கத்தில் மாத்தளைப் பக்கம் விழும் வளைவுகளில், டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விட்டுப் போகிறவர்களை இன்னும் காண்கிறேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்றால், கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போகிறது. மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

தம்பி எழுதாத ஒன்று மழை. எக்ஸோஸ்ட் பிறேக் பிடிப்பது எஞ்சின் சுற்றும் சில்லுகளை மட்டுமே. லொறியிலும் சாதாரண கெப்பிலும் அவை பின் சில்லுகள். பின்பக்கம் பாரமில்லாத கெப், நனைந்த தார், தேயிலைத் தோட்டத்திலிருந்து வழிந்த செம்மண் சேறு, கூர்மையான வளைவு ஆகிய நான்கும் சேரும் இடத்தில் பலமாகப் பிடித்தால் பின் சில்லு வழுக்கும். வெறும் லொறியென்றால் சற்று ஆடிவிட்டு நேராகும். கொக்கியில் ட்ரெய்லர் இருந்தால், அது பின்னால் தள்ள, கெப் குறுக்கே மடங்கும். பெருமழையில் நான் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் எக்ஸோஸ்ட் பிறேக் தண்டை விடுவித்துவிடுவேன்.

இன்னொன்று: என் லொறியில் எக்ஸோஸ்ட் பிறேக் பிடிக்கும்போது பின் சிவப்பு வெளிச்சம் எரிவதில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ்காரருக்கு நான் வேகம் குறைப்பது தெரியாது. வெளிச்சம் எரியும் அளவுக்கு மட்டும் பெடலில் காலை வைத்து எடுப்பது என் வழக்கம்.

அனுராதபுரச் சந்திக்கு அருகிலிருந்து, மெக்கானிக்:

கிண்ணியா நானாவின் லொறியைவிட உப்புவெளித் தம்பியின் கெப்தான் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் அது உப்புத் தண்ணீருக்குள் பின்னால் இறங்கிப் படகு விடும் வாகனம். புகைக் குழாயில் இருக்கும் அந்தத் தகடு ஒரு மெல்லிய அச்சில் திரும்புகிறது. உள்பக்கம் கரி படியும், வெளிப்பக்கம் உப்புத் துரு பிடிக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் அச்சு இறுகிவிடும். திறந்தபடி இறுகினால் தேவைப்படும் இடத்தில் பிடிக்காது. பாதி மூடியபடி இறுகினால் எஞ்சின் மூச்சுத் திணறி, ஏற்றத்தில் இழுவையில்லாமல் கறுப்புப் புகை கக்கும். அப்படி வந்த வாகனமொன்றில் உரிமையாளர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) போய்விட்டதென்று புதியது வாங்கத் தயாராக இருந்தார். நான் சுத்தியலால் அச்சின் தலையை மெதுவாகத் தட்டியபோது துருச்செதில்கள் உதிர்ந்தன, தகடு திறந்தது, வாகனம் ஓடியது. ஊருக்குள் ஓடும் சமதரை வீதியிலும் நாளுக்கு ஓரிரு முறை ஆளியைப் போட்டு எடுங்கள்.

கழற்றிய லொறியிலிருந்து தகட்டு வால்வை எடுத்துக் கெப்பில் பூட்டித் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். நான் மறுத்துவிடுவேன். அடைப்பு அளவுக்கு மீறினால், உள்ளே தேங்கும் அமுக்கம் புகை வால்வுகளை அவற்றின் ஸ்பிரிங்குக்கு எதிராகத் தூக்கிவிடும். அந்தந்த எஞ்சினுக்கென்று செய்யப்பட்ட செட்டில் அமுக்கம் எவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்பதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். கிடைத்ததைப் பூட்டும்போது அந்தக் கணக்கு இல்லை.

பிறேக் ஒயிலையும் மறக்க வேண்டாம். டொட் 3 வகை புதியதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸிலாவது கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் உறிஞ்சுவதற்குக் குறைவில்லை. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சாகத் தரைக்குப் போகும். எக்ஸோஸ்ட் பிறேக் இருக்கிறதென்ற துணிவில் ஒயில் மாற்றாமல் ஓடுபவர்கள், கடைசியில் வாகனத்தை நிறுத்துவது அந்த ஒயில்தான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எக்ஸோஸ்ட் பிறேக் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

கனடாவிலிருந்து, சொந்த ஊர் திருகோணமலை:

இங்கே டீசல் பிக்அப் வாங்குபவருக்கு இது தனியாகப் பூட்டும் பொருளன்று. ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 6.7 லீற்றர் எஞ்சினுள்ள என் ராம் வாகனத்தில் தனித் தகடு கிடையாது. டர்போவுக்குள் புகை போகும் வழியையே நெருக்கிப் பிறேக்காகப் பயன்படுத்துகிறார்கள். முழுப் பலத்தோடு பிடிக்கும் நிலையும், இருக்கும் வேகத்தைக் காக்கப் பார்க்கும் தானியங்கி நிலையும் உள்ளன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோகிஹாலா நெடுஞ்சாலையில் கேரவனை இழுத்துக்கொண்டு இறங்கும்போது நான் தானியங்கி நிலையையே வைத்திருப்பேன். பிறேக் போன லொறிகள் ஏறி நிற்பதற்கென்று அந்த வீதியோரத்தில் சரளைக்கல் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தாலே கால் தானாகக் கவனமாகிவிடும்.

உப்புவெளி அண்ணாவுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறானது இங்கே நேர்கிறது. எங்கள் கேரவன்களில் மின்சார பிறேக். பெடலை மிதித்தால்தான் அதற்குச் செய்தி போகும். எக்ஸோஸ்ட் பிறேக் மட்டும் பிடிக்கும்போது கேரவன் சில்லுகள் தாராளமாகச் சுற்றுகின்றன, முழுப் பாரமும் கொக்கியில் வந்து முட்டுகிறது. கேரவன் ஆடத் தொடங்கினால் எக்ஸோஸ்ட் பிறேக்கை நம்பாமல், கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஆளியால் கேரவன் பிறேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னாலிருப்பது இழுபட்டால்தான் இரண்டும் நேராகும். உப்புத் தண்ணீரில் மூழ்கும் படகு ட்ரெய்லர்களுக்கு மின்சார பிறேக் ஒத்துவராததால், அவற்றுக்கு இங்கேயும் அண்ணா வைத்திருப்பது போன்ற தண்டு பிறேக்தான் பெரும்பாலும் வருகிறது.

உப்புவெளியிலிருந்து மீண்டும்:

வெளிச்சத்தைப் பற்றி நானா எழுதியதைப் படித்த பிறகு, ஆளியிலிருந்து ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு ஆளி) வைத்து, எக்ஸோஸ்ட் பிறேக் பிடிக்கும்போது பின் சிவப்பு வெளிச்சமும் எரியும்படி செய்யலாமா என்று மெக்கானிக் ஐயாவைக் கேட்கிறேன்.

மெக்கானிக்:

செய்யலாம், சிறிய வேலைதான். கிளச்சையோ அக்சிலேற்றரையோ மிதித்தால் எக்ஸோஸ்ட் பிறேக் விடுபடும் வயரிலிருந்தே எடுக்க வேண்டும். ஆளியிலிருந்து நேரடியாக எடுத்தால், ஆளி போட்டிருக்கும் நேரமெல்லாம் வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும்.

கனடாவிலிருந்து:

மின்சார பிறேக் உள்ள ட்ரெய்லரை என்றாவது இழுப்பதாக இருந்தால், அந்த ரிலேயை முதலில் கழற்றிவிடுங்கள் அண்ணா. ட்ரெய்லர் பிறேக்குக்குச் செய்தி போவதும் அதே வெளிச்ச வயரில்தான். இறக்கம் முழுவதும் அது பிடித்தபடியே வரும், றம்பொடையில் பார்த்த சூட்டை மறுபடி பார்ப்பீர்கள்.