காதல் படத்தில் ஆட்டிசம்: பார்த்ததும் பட்டதும்

சேலத்துக்காரி:

ஆட்டிசம் உள்ளவர் காதலிக்கிற மாதிரி எந்தப் படம் வந்தாலும் நண்பர்கள் எனக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துதான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து 'உன் படம் ஒண்ணு வந்திருக்கு, பாத்தியா?' என்று கேட்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

அப்படிப் பார்த்ததில் இன்றும் உறுத்துவது 'பர்ஃபி'. அனுராக் பாசு இயக்கி 2012இல் வந்தது. காது கேளாத, பேச முடியாத பர்ஃபியாக ரன்பீர் கபூர். ஆட்டிசம் உள்ள ஜில்மிலாக பிரியங்கா சோப்ரா. பார்க்க அழகான படம், அதில் சண்டையில்லை. ஆனால் அந்த விளக்குக் கம்பக் காட்சி! தனக்கு வேண்டியவர்களின் கையைப் பிடித்தபடி, சாயப்போகும் கம்பத்துக்குக் கீழே நிற்பான் பர்ஃபி. மற்றவர்கள் கையை விட்டுவிடுவார்கள். ஜில்மில் மட்டும் அசையாமல் நிற்பாள். இதுதான் உண்மையான காதல் என்று நாம் உருக வேண்டும். கம்பம் விழுவதை அவள் கவனித்தாளா, பயந்தாளா, அவன் கை இதமாக இருந்ததா, ஒன்றும் தெரியாது. அவன் வைத்த பரீட்சையில் அவள் பாஸ், அவ்வளவுதான். அவளும் அவனுக்கு ஒரு பரீட்சை வைத்திருப்பாள் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

காதலிப்பது இரண்டு பேர், கதை மட்டும் எப்போதும் ஒரே பக்கம் நின்று சொல்லப்படுகிறது. என் புகார் இதுதான். உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள். படம் பார்த்தவர்கள் வெளியில் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும்.

கோவை அம்மா:

2010இல் 'மை நேம் இஸ் கான்' வந்தபோது என் மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: 'இவனுக்கும் மஞ்சள் கலர்னா பயமா?' அவனுக்கு மஞ்சள் ரொம்பப் பிடிக்கும். மிக்ஸி சத்தம்தான் ஆகாது. படத்தில் ஆட்டிசம் உள்ள ரிஸ்வானாக வரும் ஷாருக் கானுக்குத்தான் மஞ்சள் ஆகாது. அந்த ரிஸ்வான் எதையும் ரிப்பேர் செய்வான், புயலில் சிக்கிய ஊருக்கு உதவப் போவான், அமெரிக்க அதிபரையே பார்த்துவிடுவான். என் மகன் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்கிறான். அந்த இடத்துக்கு வர நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். 'ஸ்பெஷல் திறமைன்னு ஒண்ணும் இல்லையா?' என்று கேட்டுவிட்டு முகம் சுருங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. படத்தில் ரிஸ்வான் மந்திராவிடம் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று திரும்பத் திரும்பக் கேட்பான். அவள் ஒரு பந்தயம் வைப்பாள்: சான் ஃபிரான்சிஸ்கோவில் நான் பார்க்காத இடத்தைக் காட்டு. காட்டிவிடுவான், கல்யாணமும் ஆகிவிடும். என் மகனும் கூட வேலை செய்த ஒரு பெண்ணிடம் தினமும் கேட்டிருக்கிறான். படத்தில் பார்த்ததாகப் பிறகு சொன்னான். அந்தப் பெண் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவள்மேல் தப்பே இல்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, 'இவங்களுக்கெல்லாம் எதுக்கும்மா இந்த ஆசை?' என்றார். அந்தப் பேச்சைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திரையில் விடாமல் கேட்டால் குழந்தை மனசு, வெளியில் கேட்டால் வேலைக்கே ஆபத்து. எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று இவனுக்கு எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது?

ரயில்பயணி:

காதல் படமில்லைதான், இருந்தாலும் 'ரெயின் மேன்' (1988) ஞாபகம் வருகிறது. ஆட்டிசம் உள்ள அண்ணன் ரேமண்ட். லிஃப்டில் தம்பியின் காதலி அவனோடு நடனமாடி, முத்தம் கொடுத்து, எப்படி இருந்தது என்பாள். 'ஈரமா' என்பான். அறையில் எல்லோரும் சிரித்தோம். முத்தம் ஈரமாகத்தானே இருக்கும்!

நாகர்கோவில்காரன்:

என் மனைவிக்கு ஆட்டிசம். நாங்கள் சேர்ந்து பார்த்தது 2009இல் வந்த 'ஆடம்'. மேக்ஸ் மேயர் இயக்கிய படம். அப்பா இறந்த பிறகு நியூயார்க்கில் தனியாக வாழும், ஆட்டிசம் உள்ள ஆடமாக ஹ்யூ டான்சி, அதே கட்டடத்துக்குக் குடிவரும் பெத்தாக ரோஸ் பர்ன். பெத் சாக்லேட் பெட்டியை நீட்டும்போது, 'நான் ஒண்ணும் ஃபாரஸ்ட் கம்ப் இல்லை' என்பான் ஆடம். ஃபாரஸ்ட் கம்ப், சாக்லேட் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்லும் வெள்ளந்தியான சினிமா நாயகன். மனைவி அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் என் அத்தை அவளிடம் கைக்குழந்தையைக் கொஞ்சுகிற குரலில்தான் பேசுவார். அத்தைக்குச் சொல்ல நினைத்த பதில் இதுதானாம்.

படத்தின் கடைசிப் பகுதியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். ஆடமுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைக்கும். நான் ஏன் கூட வர வேண்டும் என்று பெத் கேட்பாள். நீ இல்லாமல் என்னால் அங்கே சமாளிக்க முடியாது என்கிற மாதிரி விளக்குவான். அவள் எதிர்பார்த்தது வேறு வார்த்தை. அவள் போகமாட்டாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மனைவிக்குக் கோபம். 'நீ இல்லாம முடியாதுன்னுதானே எல்லா சினிமாப் பாட்டுலயும் பாடுறாங்க? இவன் காரணத்தோட சொன்னதும் அது காதல் இல்லாமப் போயிடுச்சா?' இன்னும் நான் சரியான பதில் சொல்லவில்லை.

டேமியன் மில்டன் என்று ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் புரியாத அளவுக்கு மற்றவருக்கும் அவர் புரிவதில்லை, குறை இரண்டு பக்கமும் என்று 2012இல் எழுதினார். 'ஆடம்' படத்தில் பயிற்சியெல்லாம் ஆடமுக்கு மட்டும்தான். நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குவாள் பெத். அவன் பேசுவதை எப்படிக் கேட்பது என்று அவளுக்கு யாரும் பழக்குவதில்லை.

வைகைக்கரை:

அண்ணா, அண்ணியிடம் 'கீப் தி சேஞ்ச்' போட்டுக் காட்டுங்கள். ரேச்சல் இஸ்ரேல் இயக்கி 2017இல் வந்தது. நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் விருது வாங்கிய படம். டேவிட், சாரா இருவரும் ஆட்டிசம் உள்ளவர்கள், நடித்த பிராண்டன் பொலான்ஸ்கியும் சமந்தா எலிசோஃபோனும் அப்படியே. புரிந்துகொள்ளும் தியாகி வேலைக்கு யாரும் இல்லாத கதை. டேவிட் அப்படியொன்றும் நல்லவனும் இல்லை. போலீஸ்காரரிடம் கேவலமான ஜோக் சொல்லி மாட்டி, நீதிமன்றம் போகச் சொன்னதால் ஓர் ஆதரவுக் குழுவுக்கு வருகிறான். நான் இவர்களில் ஒருவன் இல்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சாராவோடு புரூக்ளின் பாலத்தைப் பார்த்துவரச் சொன்னதே அவனுக்குப் பிடிக்காது. அவள் சத்தமாகப் பேசுவாள், பாடுவாள், வேண்டியதை நேராகக் கேட்பாள். வீட்டுக்குக் கூட்டிப்போனால் அவன் அம்மாவுக்கு அவள் ஆகாது.

அந்த அம்மாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் ஆட்டிசம், இப்போது பெண் பார்க்கிறார்கள். 'பொருத்தம் நல்லா இருக்கு, அதைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே' என்பது வீட்டு உத்தரவு. எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும், காபி தம்ளரை எப்போது கீழே வைக்க வேண்டும் என்று அக்கா ஒத்திகை பார்த்துத்தான் அனுப்பினாள். போன இடத்தில் எல்லாம் சரியாகவே செய்தேன். அந்தப் பெண் சரி என்று சொன்னால், யாருக்குச் சரி சொல்கிறாள்?

பொருநை:

எல்லாப் படத்தையும் இப்படிப் பிரித்துப் போட்டால் எதுவும் மிஞ்சாது. ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பற்றிய 'ஹரிதாஸ்' 2013இல் வருகிற வரைக்கும் என் அம்மாவுக்குப் பேரனைப் பற்றி என்னால் விளக்கவே முடியவில்லை. பார்த்துவிட்டு, 'அந்தப் பையன் மாதிரியா?' என்றார். அதோடு திட்டுவதை நிறுத்தினார். அது காதல் படமில்லை, பையன் சின்னவன். குறை சொல்லலாம், ஆனால் பர்ஃபியும் கானும் வராமல் இருந்திருந்தால் நாம் இங்கே இதைப் பேசிக்கொண்டிருப்போமா?

சேலத்துக்காரி:

அண்ணா, உங்கள் அம்மா விஷயத்தில் மறுப்பே இல்லை. திட்டு நின்றதும் சின்ன விஷயமில்லை. எனக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தம்பி, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச ஒரு வாய்ப்பு கேட்டுப் பார்.

நாகர்கோவில்காரன்:

கோவை அம்மாவுக்கு மனைவி எழுதச் சொன்னது, அப்படியே போடுகிறேன்:

'ஒரு தடவை இல்லைன்னு சொன்னா அது முடிஞ்சதுன்னு தாளில் எழுதிக் கொடுங்க. பாக்கலாம், யோசிச்சுச் சொல்றேன், இப்ப வேலை இருக்கு, இதெல்லாமும் பெரும்பாலும் இல்லைதான்னு கீழேயே எழுதுங்க. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆச்சு, யாரும் சொல்லலை. அதே தாளில், ஆசைப்பட்டது தப்பில்லைன்னும் எழுதணும். அது இல்லாம முதல் பாதியை மட்டும் கொடுத்துடாதீங்க.'

கோவை அம்மா:

சரிம்மா. அவன் எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிப்பான், சார்ட் வாங்கி வருகிறேன். மஞ்சள் கலரில்.