நாங்கள் நீக்கிய தன்னார்வலர் ஓர் இல்லத்தில் சேரப்போகிறார்: எழுத்தில் எப்படித் தெரிவிப்பது?

தூத்துக்குடி மாவட்டத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்றில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கடலோரக் கிராமம் ஒன்றில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். அங்கே வந்த தன்னார்வலர் ஒருவரைச் சென்ற ஆகஸ்டில் நிறுத்திவிட்டோம். இப்போது அவர் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராகச் சேரப்போகிறார். அந்த இல்லம் எங்களிடம் நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறது.

எதற்காக நிறுத்தினோம்: ஒரே ஒரு சிறுவனுக்கு மட்டும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார், கைபேசிக்கு ரீசார்ஜ் செய்தார், பைக்கில் தனியாக அழைத்துச் சென்றார். இரவு பதினொரு மணிக்கு மேல் "அம்மாவிடம் சொல்லாதே" என்று செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து தாயிடமும் பையனிடமும் பேசினார்கள். குற்றம் நடந்ததாகத் தெரியவராததால் வழக்கு இல்லை. நாங்களும் முறையான விசாரணை நடத்தி முடிவை எழுதி வைக்கவில்லை. அவரும் தானாகவே விலகியதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். இல்லத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன், எழுத்தில் தாருங்கள் என்கிறார்கள். வழக்கறிஞர் அவதூறு வழக்கு வரலாம் என்று எச்சரிக்கிறார். அறங்காவலர்களோ பேசாமல் சான்று கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அதற்கு நான் கையெழுத்திட மாட்டேன்.

பன்னாட்டு நிவாரண அமைப்புகள் 2019 முதல் இத்தகைய தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. எங்களைப் போன்ற சிறிய அமைப்பு அதில் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி பையனின் அடையாளமும் வெளிவரக் கூடாது.

பையனை அடையாளம் காட்டாமலும், சட்டத்தின் முன் நிற்கும்படியும் இப்படிக் கடிதம் எழுதியவர்கள் யாராவது இருந்தால், எந்த வாசகத்தைப் பயன்படுத்தினீர்கள்?