ஒரேயொரு வளையம் மிஞ்சிய இடம்

வெள்ளவத்தை உறுப்பினர்:

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்களில், முன்பொருமுறை புறக்கோட்டை நடைபாதைக் கடையொன்றில் வாங்கி அலுமாரியில் போட்டிருந்த ஐந்து வளையக் கம்பிப் புதிரைக் கையில் எடுத்தேன். நீண்ட கம்பியொன்றில் ஐந்து வளையங்கள் கோக்கப்பட்டிருக்கும். கம்பியை அவற்றிலிருந்து விடுவிக்க வேண்டும். மறைவான பூட்டோ காந்தமோ சுருள்வில்லோ அதில் இல்லை. எல்லாமே கண்முன் இருந்தும், மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அதனுடன் போராடினேன்.

ஒவ்வோர் இரவும் ஒரே இடத்தில்தான் நின்றேன். நான்கு வளையங்கள் கழன்றுவிடும்; ஐந்தாவது மட்டும் அசையாது. இன்னும் ஒன்றுதானே என்ற எண்ணத்தில் கம்பியை வளைத்துப் பார்க்கும் அளவுக்குச் சென்றிருக்கிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்துக்கொண்டிருந்த என் பெறாமகன் ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தான். அவன் புதிரைத் தொடாமல், முதலில் அதன் விதியைத் தாளில் எழுதினான். கம்பியின் நுனிப் பக்கமுள்ள முதலாம் வளையத்தை எப்போதும் கழற்றலாம், மாட்டலாம். மற்ற எந்த வளையத்தையும் அசைக்க வேண்டுமானால், அதற்கு முந்தியது கம்பியில் இருக்க வேண்டும், அதற்கும் முந்தியவை யாவும் கழன்றிருக்க வேண்டும். மாட்டியிருப்பதை 1 என்றும் கழன்றிருப்பதை 0 என்றும் குறித்து நிலைகளை வரிசையாக எழுதிய பின்னர், "பெரியப்பா, நீங்கள் நிற்கிற இடந்தான் ஆகத் தூரமான இடம்" என்றான்.

நான் முதலில் நம்பவில்லை. எண்ணிப் பார்த்தபோது அவன் சொன்னது சரியாகவே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு வளையத்தை மட்டும் அசைத்தால், ஐந்தும் மாட்டியிருக்கும் தொடக்க நிலையிலிருந்து விடுதலைக்கு 21 நகர்வுகள் போதும். நான்கு கழன்று ஐந்தாவது மட்டும் எஞ்சியிருக்கும் நிலையிலிருந்தோ 31 நகர்வுகள் வேண்டும். எந்த நிலையிலும் செய்யக்கூடிய நகர்வுகள் அதிகபட்சம் இரண்டு. அவற்றில் ஒன்று வந்த வழியே திரும்புவது. ஆகவே இது கிளைகள் நிறைந்த சிக்கலான பாதையன்று. கொழும்பிலிருந்து காலி நகருக்குச் செல்லும் காலி வீதியைப் போன்ற ஒரே தெரு. கோட்டைக்குப் போக வேண்டிய நான் ஒவ்வோர் இரவும் அதற்கு எதிர்த்திசையில் கல்கிசைப் பக்கமாக நடந்திருக்கிறேன்.

ஏன் அந்தத் திசையையே தேர்ந்தேன் என்பதைத்தான் இங்கே பகிர விரும்புகிறேன். பிழையான வழியில் முதல் மூன்று நகர்வுகளில் இரண்டாவது, முதலாவது, நான்காவது என மூன்று வளையங்கள் அடுத்தடுத்துக் கழல்கின்றன. சரியான வழியிலோ முதலாவதையும் மூன்றாவதையும் கழற்றியவுடனேயே முதலாவதைத் திரும்ப மாட்ட வேண்டும். கழற்றியதை மாட்டுவது தோல்வியென்று என் கை கருதியது. அந்தத் தயக்கத்தைக் கடந்தால் ஆறாவது நகர்விலேயே ஐந்தாம் வளையம் வெளியே வந்துவிடுகிறது.

இத்தாலியரான கார்டானோ 1550 இலேயே இந்தப் புதிரைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரான்சைச் சேர்ந்த லூயி குரோ 1872 இல் 0, 1 மட்டுமே வரும் துவித எண்களைக் கொண்டு இதை விளக்கினார். என் பெறாமகன் இவற்றை அறியாமலே அதே வழியைக் கண்டடைந்தான் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

தெஹிவளை உறுப்பினர்:

எனது அனுபவம் கணித ஆசிரியையாக வகுப்பறையில் கிடைத்தது. நான்கே நான்கு அட்டைத் துண்டுகளைச் சேர்த்து ஆங்கில எழுத்தான 'டீ' (T) வடிவத்தை அமைக்கும் புதிரை மாணவர்களிடம் கொடுப்பேன். ஐந்து பக்கங்கள் கொண்ட துண்டில் உள்நோக்கிய மூலையொன்று உண்டு. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதைக் குழியாகக் கருதி, வேறொரு துண்டால் நிரப்ப முயல்வார்கள். அத்துண்டை நேராகவே வைப்பார்கள், சரித்து வைக்க மனம் வராது. உண்மையில் அது சரிந்துதான் கிடக்க வேண்டும். அந்த மூலை நிரப்பப்படாமல், தண்டும் குறுக்குக் கோடும் சந்திக்கும் எழுத்தின் கக்கமாகவே நிற்கும். வேகமாகக் கணக்குச் செய்யும் பிள்ளைகளும் அதில் மணிக்கணக்காக நின்றதைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் வளையப் புதிர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் ஆறு வளையங்கள். அதற்கும் முதலாவதைத்தான் முதலில் கழற்ற வேண்டுமா?

வெள்ளவத்தை உறுப்பினர்:

இல்லை. வளையங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். ஆறுக்கு 42 நகர்வுகள்.